காட்டெருமை முன்னால் ஒண்ணரை ஸ்பூன்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் டீச்சர், எழுதிக்கோங்க. ஒண்ணரை ஸ்பூன். ரெண்டு இல்லை, மூணு இல்லை. ஒண்ணரை. அதுவும் தலை தட்டினது. உங்க நூற்றாண்டு மலர்ல மத்ததை எல்லாம் எப்படி வேணும்னாலும் போடுங்க. எஸ்டேட்டை எந்த வருஷம் ஆரம்பிச்சாங்க, யார் யார் துரையா இருந்தாங்க, அதெல்லாம் ஆபீஸ்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. ஆனா இன்னாசி பட்லர்னு ஒரு வரி வந்துச்சுன்னா, இந்த ஒண்ணரை அதுல கட்டாயம் இருக்கணும்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. குருவிமேடு எஸ்டேட்டுல என் பேரைச் சொன்னா, "யாரு, காட்டெருமைக்கு டீ கொடுத்தவரா?"ன்னு கேக்காத ஆளே கிடையாது. காட்டெருமைக்கு நான் டீ கொடுக்கலை டீச்சர். துரைக்குத்தான் கொடுத்தேன். காட்டெருமை எதிர்த்தாப்புல நின்னுச்சு, அவ்வளவுதான்.

பட்லர் வேலையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது இல்லையா, அதைக் கொஞ்சம் சொல்லிடறேன். இந்த வேலைக்கு யாரும் படிப்பு கேக்க மாட்டாங்க, சர்ட்டிபிகேட்டு கேப்பாங்க. ஒரு துரை மாத்தல் ஆகிப் போகும்போது, இந்த ஆளு இப்படிப்பட்ட ஆளுன்னு ஒரு தாள்ல இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அடுத்த துரை அதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்மளை வீட்டுக்குள்ள விடுவார். நமக்கு நிலம், நீச்சு எல்லாமே அந்தத் தாளுதான். என்கிட்ட அப்ப ரெண்டு துரைங்க கொடுத்தது இருந்துச்சு. ரெண்டுலயும் ஒரு குறை கிடையாது. ஒருத்தர், 'இவன் போடும் டீயை விட்டுப் போவதுதான் வருத்தம்'னு எழுதினவர். இதை மனசுல வச்சுக்கோங்க.

மூணாவது வந்தவர்தான் பெல்லியப்பா துரை. குடகுக்காரர். அவங்க ஊர்ல ஆம்பளைப் பிள்ளை பொறந்தா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பாங்களாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பொறந்ததாலயோ என்னவோ, துப்பாக்கியைத் துடைக்காம அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. ஞாயித்துக்கிழமை ஆனா காடுதான். ஆனா குறி மட்டும்... வேண்டாம், செத்துப்போன மனுஷன். ஆறு வருஷத்துல அவர் சுட்டுக் கொண்டுவந்து நான் சமைச்சது மொத்தம் ஏழு காட்டுக்கோழி. அதுல ரெண்டு, பக்கத்து எஸ்டேட்டு டாக்டர் வளர்த்த கோழின்னு ஒரு பேச்சு இருக்கு. அது நமக்கு எதுக்கு.

நல்ல மனுஷன். கை நீட்டி அடிக்க மாட்டார், வாய் நீட்டித் திட்ட மாட்டார். ஒரே ஒரு பழக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு டீ. எங்கே இருந்தாலும் நாலு மணிக்கு டீ. ஆபீஸ்ல இருந்தாலும் சரி, ஆத்தங்கரையில தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. கேக்க மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பின்னால நீட்டுவார். நான் அதுல சாசரோட கப்பை வைக்கணும். ஒரு சொட்டு சிந்தக்கூடாது. இதுக்குன்னே எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷம், ஒரு நாள் நான் தவறினதில்லை. அவர் கை நீளும்போது என் கப்பு அங்கே இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

அறுபத்தாறு, பிப்ரவரி மாசம். பன்னெண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒத்தைக் காட்டெருமை ஒண்ணு வந்து நின்னுக்கிச்சு. கூட்டத்துல இருந்து விரட்டிவிட்ட கிழடு. கொழுந்து பறிக்கப் போன பாப்பாத்தின்னு ஒரு பொம்பளையைத் தொடையில குத்திப் போட்டுடுச்சு. பிழைச்சுக்கிச்சு பாவம், ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கப் போக மாட்டேன்னுட்டாங்க. அப்பல்லாம் பர்மிட் வாங்கினா சுடலாம். துரை எழுதிப் போட்டார், பர்மிட் வந்துடுச்சு. பர்மிட் வந்த அன்னிக்கு அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே, பங்களா முழுக்க சீட்டியடிச்சுக்கிட்டுத் திரிஞ்சார்.

துரைக்கு ரெண்டாவது துப்பாக்கி தூக்கிக்கிட்டுப் போற ஆளு வாட்சர் பரமசிவம். முதல் துப்பாக்கி காலியானதும் துரை கையைப் பின்னால நீட்டுவார், இவன் ரெண்டாவதை அந்தக் கையில வைக்கணும். வேலை அவ்வளவுதான். அவனும் துரையும் முதல் தடவை அந்தக் காட்டெருமையைத் தேடிப் போனாங்க. புதர் ஆடிச்சு. பரமசிவம் துப்பாக்கியோட போய் மரத்துல ஏறிட்டான். ஏறினவன் மேல பார்த்தா, ஒரு கரடி ஏற்கெனவே உட்கார்ந்து தேன் தின்னுக்கிட்டு இருக்கு. கீழே காட்டெருமை, மேல கரடி. பரமசிவம் நடுவுல. கரடி, என்னடா இவன் பங்கு கேட்டு வந்துட்டான்னு ஒரு உறுமல் உறுமிச்சு பாருங்க, பயல் அங்கிருந்தே குதிச்சுட்டான். தோள்பட்டை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தான். கீழே புதரை ஆட்டினது காட்டெருமை இல்லையாம், எங்க துரையாம். அது தனிக் கதை.

இப்ப துப்பாக்கி தூக்க ஆள் இல்லை. துரை என்னைப் பார்த்தார். "இன்னாசி, நீ வர்றே"ன்னார்.

எனக்கு ஆட்டுக்கால் சூப் தெரியும், புட்டிங் தெரியும். துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்? ஆனா மாட்டேன்னு சொல்ல முடியாது டீச்சர். மே மாசம் துரைக்கு நீலகிரிக்கு மாத்தல்னு உத்தரவு வந்தாச்சு. சர்ட்டிபிகேட்டு எழுதப்போற நேரம். மூணு மாசம் பல்லைக் கடிச்சா நல்லதா ஒரு தாள் கையில வந்துடும். இந்த நேரத்துல பயம்னு சொன்னா, அவர் அதையே எழுதி வச்சுட்டார்னா? எனக்குப் பயமும் கிடையாது, அது வேற.

என்ன லூர்து? சரி சரி, நீ உள்ளே வேலையைப் பாரு. என் சம்சாரம் டீச்சர். காது மட்டும் இங்கேயே இருக்கும்.

மூணு நாள் புல்தரையில பழக்கினார். காலையில ஏழு மணிக்கு. அவர் ரோஜாச் செடியைக் குறி பார்த்து வாயாலேயே "டுமீல்"ம்பார், கையைப் பின்னால நீட்டுவார், நான் துப்பாக்கியை வைப்பேன். "சபாஷ் இன்னாசி!" மூணு நாளும் சபாஷ்தான். இங்கேதான் டீச்சர், கவனமா எழுதிக்கோங்க. பழக்கினது காலையில ஏழு மணிக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கையை நீட்டினா எதை வைக்கணும்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. இது யார் குத்தம்?

நாலாம் நாள் மத்தியானம் கிளம்பினோம். முன்னால மயிலன். காடர் சாதி, அந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்தவன், அவன் கால் வச்சா சருகுகூட சத்தம் போடாது. அடுத்தது துரை, ரெட்டைக் குழல் துப்பாக்கியோட. அடுத்தது நான். ஒரு தோள்ல ரெண்டாவது துப்பாக்கி, இன்னொரு தோள்ல கூடைப்பை. பையில பிளாஸ்க், பீங்கான் கப்பு, சாசர், சர்க்கரை டப்பா, ஸ்பூன், பிஸ்கட், நாப்கின். துரை எனாமல் கப்புல குடிக்க மாட்டார், காடா இருந்தாலும் பீங்கான்தான்.

ஓடை ஒண்ணு குறுக்கே போச்சு. அதைத் தாண்டினதும் மயிலன் குனிஞ்சான். சாணி. கையை வச்சுப் பார்த்தான். "சூடா இருக்கு துரை"ன்னான் மெதுவா. எனக்கு அந்த இடத்துலயே வயிறு என்னமோ பண்ணிச்சு. பயம் இல்லை, மத்தியானம் சாப்பிட்ட மொச்சைக்கொட்டை.

இன்னும் ஒரு நூறு அடி போயிருப்போம். மயிலன் கையைத் தூக்கினான். எல்லாரும் நின்னுட்டோம். எனக்கு ஒண்ணும் தெரியலை, மரம்தான் தெரிஞ்சுது, நடுவுல கறுப்பா ஒரு பாறை. அந்தப் பாறை காதை ஆட்டிச்சு.

டீச்சர், நீங்க ரோட்டுல பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்திருப்பீங்க. அது கணக்கில்லை. தரையில நின்னு பார்க்கணும். என் பங்களா சமையல்கட்டு வாசல்ல அது நுழையாது, அவ்வளவு உசரம். முட்டிக்குக் கீழே வெள்ளையா சாக்ஸ் போட்ட மாதிரி. கண்ணு நேரா என்னையே பார்த்துச்சு. துரையை இல்லை, மயிலனை இல்லை, என்னை. என்ன கோபமோ.

துரை சுட்டார். ரெண்டு குழலும் ஒண்ணு பின்னால ஒண்ணு. டுமீல், டுமீல்! காடே அதிர்ந்துச்சு. ஒரு குண்டு பலா மரத்துல பட்டுப் பால் வடிஞ்சுது. இன்னொரு குண்டு எங்கே போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. காட்டெருமை மேல ஒரு மயிர்கூட அசையலை. அது ஓடவும் இல்லை. புகையை விலக்கிக்கிட்டு நேரா எங்களைப் பார்த்து நடந்து வந்துச்சு. வேகமா வந்தாலாவது சீக்கிரம் முடிஞ்சுதுன்னு இருக்கும். இது ஒவ்வொரு அடியா, சாவகாசமா, கல்யாண வீட்டுக்கு வர்ற சம்பந்தி மாதிரி வருது. பத்தடி தூரத்துல வந்து நின்னுக்கிச்சு. தலையைத் தாழ்த்திச்சு. மூக்கால ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, என் சட்டையில வந்து பட்டுச்சு.

மயிலன் பக்கத்து மரத்தோட ஒட்டிக்கிட்டு, அசையாதீங்கன்னு கண்ணாலேயே சொல்றான். துரை அப்படியே நிக்கிறார். மெதுவா, ரொம்ப மெதுவா, அவர் வலது கை பின்னால நீளுது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு.

இப்ப நீங்க சொல்லுங்க டீச்சர். ஆறு வருஷம். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ், எதுன்னாலும் நாலு மணிக்கு அந்தக் கை நீளும், அந்தக் கைக்கு டீ. என்ன பண்ணியிருப்பீங்க? ஆமா, அதைத்தான் நானும் பண்ணினேன்.

துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு டீ ஊத்த முடியாது. அதனால அதை மரத்துல சாத்தி வச்சேன். பிளாஸ்க்கைத் திறந்தேன். கப்புல ஊத்தினேன், ஆவி பறக்குது. சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். ஒண்ணரை ஸ்பூன் போட்டேன். கலக்கினேன். ஸ்பூன் கப்புல படக்கூடாது, அதுதான் பட்லருக்கு அழகு. சத்தமே வராமக் கலக்கினேன். அப்புறம் சாசர்ல வச்சு, நாப்கினைக் கீழே கொடுத்து, அவர் கையில வச்சேன். சாசர் கடகடன்னு ஆடிச்சு. துரைக்குக் கை நடுக்கம்.

"உங்க கையில இருக்கும்போதே ஆடிச்சுன்னு மயிலன் சொன்னானே!"

கேட்டீங்களா, உள்ளே இருந்து சத்தம் வருது. மயிலன் மரத்தோட ஒட்டிக்கிட்டு இருந்தவன், அவனுக்கு என்ன தெரியும்?

துரை கையில வாங்கினார். துப்பாக்கி இல்லைன்னு கனத்துலயே தெரிஞ்சிருக்கும். குனிஞ்சு டீயைப் பார்த்தார். காட்டெருமையைப் பார்த்தார். மறுபடி டீயைப் பார்த்தார். குடிக்க ஆரம்பிச்சார். வேற என்ன பண்றதுன்னு அவருக்கும் தெரியலை போல. ஒவ்வொரு மடக்கா, மெதுவா. காட்டெருமை பார்த்துக்கிட்டே இருக்கு. காடே மூச்சை அடக்கிக்கிட்டு ஒரு மனுஷன் டீ குடிக்கிறதைப் பார்க்குது. எனக்கு அப்ப எதுவும் ஞாபகம் இல்லை டீச்சர், பிஸ்கட் வைக்க மறந்துட்டேனேங்கிறது மட்டும்தான் மனசுல ஓடிச்சு.

கப்பு காலியாச்சு. காட்டெருமை, இதுங்களோட நமக்கென்ன பேச்சுங்கிற மாதிரி இன்னொரு மூச்சு விட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பி நடந்து போயிடுச்சு. அதுக்கப்புறம் பன்னெண்டாம் நம்பர் காட்டுல அதை யாரும் பார்க்கலை. கேரளாப் பக்கம் போயிடுச்சுன்னு சொன்னாங்க.

மயிலன் மரத்தடியிலேயே உட்கார்ந்துட்டான். அப்புறம், "பட்லரே, இன்னும் ஒரு கப்பு இருக்கா?"ன்னான். பிளாஸ்க் மூடியில ஊத்திக் கொடுத்தேன். "துப்பாக்கியை நீட்டியிருந்தா மூணு பேரும் காலி. ஆள் அசைஞ்சாத்தான் அதுக்குக் கோவம் ஏறும்"னான். நான் அசையவே இல்லையே! டீ கலக்கினது ஒரு அசைவா?

துரை அதுவரைக்கும் திரும்பலை. கப்பை அப்படியே பின்னால நீட்டினார். வாங்கிக்கிட்டேன். உசிரு தப்பின மனுஷன், முதல் முதலா வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

"இன்னாசி, சர்க்கரை ஜாஸ்தி."

டீச்சர், காட்டெருமை குத்தியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. ஆறு வருஷம் போட்ட அதே ஒண்ணரை. அதே ஸ்பூன். அதே கை. ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

"நிறைச்சுக் கொடுத்து விட்ட டப்பா காலியா வந்துச்சே, அதையும் டீச்சர்கிட்ட சொல்லுங்க!"

லூர்து, அது எறும்பு! டப்பா மூடி திறந்து இருந்துச்சு, எறும்பு தின்னுடுச்சு. ஒரு எறும்புகூட இல்லையேன்னா? தின்னுட்டுப் போயிருக்கும். தின்னுட்டு அங்கேயே உட்கார்ந்திருக்குமா? அவ அப்படித்தான் டீச்சர். அன்னிக்கு என் கால்சட்டையைத் துவைச்சதையும் சொல்லுவா. அது ஓடைத் தண்ணி. ஓடையைத் தாண்டினோம்னு சொன்னேன் இல்லையா?

"ஒரு படி சர்க்கரை போட்டிருந்தாத்தான் என்ன, உசிரோட வீடு வந்து சேர்ந்தீங்களே. அன்னிக்கு நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்."

ஏத்தினா, உண்மைதான். ஆனா பாருங்க, என் சம்சாரமே 'போட்டிருந்தாத்தான் என்ன'ங்கிறா. போடலைன்னு சொல்ல இந்த ஊர்ல ஒரு நாதி இல்லை.

மே மாசம் வந்துச்சு. துரை சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. என்னைக் கூப்பிட்டு உறையைக் கையில கொடுத்தார். நான் ஓட்டமா ஆபீசுக்குப் போய் பெரிய கிளார்க் குருபாதம்கிட்ட கொடுத்துத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாச் சொன்னார். எனக்கு அப்படியே மனப்பாடம்.

'இன்னாசி ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தார். நேர்மையானவர், குடிப்பழக்கம் இல்லாதவர், புட்டிங் பிரமாதமாகச் செய்வார். ஒருமுறை பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை என் முன்னால் நின்றது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. திரும்பி ஓடத்தான் நினைத்தேன், ஓடியிருந்தால் செத்திருப்பேன். அப்போது பின்னால் இவர் டீ கலக்கும் சத்தம் கேட்டது. இவர் ஓடாதபோது நான் எப்படி ஓடுவது? நின்றேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். இவரை வேலைக்கு வைப்பவர் கொடுத்து வைத்தவர். சர்க்கரையை மட்டும் கவனித்துக்கொள்ளவும்.'

குருபாதம் தாளைக் கீழே வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். எதுக்குத் துடைச்சார்னு எனக்குப் புரியலை. எனக்கு நெஞ்சுல இடி. கடைசி வரி! ரெண்டு சர்ட்டிபிகேட்டு சுத்தமா வச்சிருந்தவன் டீச்சர். மூணாவதுல கறை. அதோட, கலக்கும் சத்தம் கேட்டதுன்னு வேற எழுதியிருக்கார். நான் கலக்கினா சத்தம் எப்படிக் கேக்கும்?

திரும்ப பங்களாவுக்கு ஓடினேன். துரை கார்ல ஏறப் போறார். "துரை, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க துரை"ன்னேன்.

"மத்த வரியெல்லாம் படிச்சியா இன்னாசி?"

"படிக்கச் சொல்லிக் கேட்டேன் துரை. கடைசி வரி துரை."

துரை கார்க் கதவை விட்டுட்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம் கையை நீட்டினார். பின்னால இல்லை, முன்னால, என் முகத்தைப் பார்த்து. எனக்கு ஒண்ணும் புரியலை, என்னத்தைக் கொடுக்கிறதுன்னு பையைத் தடவினேன். அவரே என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். ஆறு வருஷத்துல முதல் தடவை. எனக்கு அழுகை வந்துடுச்சு டீச்சர், அதை மறைக்க மாட்டேன். பெத்த அப்பன்கூட என் கையை அப்படிப் பிடிச்சதில்லை. கார் கிளம்பிப் போயிடுச்சு. வரி அப்படியேதான் இருக்கு.

அடுத்து வந்தவர் மெஹ்ரா துரை. வடக்கத்திக்காரர். தாளை நின்னுக்கிட்டே படிச்சார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். கடைசி வரிக்கு வந்ததும் சிரிச்சார் பாருங்க, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். போச்சு, வேலை போச்சுன்னு நினைச்சேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அந்த டீயை அவர் குடிச்சாரா?"ன்னு கேட்டார்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை சார்."

"அப்ப நாளைக்கே வந்துடு"ன்னார்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரலை. நாளைக்கு இவர் குடிப்பார், குடிச்சுட்டு அளவு சரின்னு சொல்லுவார், அதை இவர் கையாலேயே நாலாவது சர்ட்டிபிகேட்டுல எழுத வச்சு மூணாவதுல விழுந்த கறையை அழிச்சுடணும். மறுநாள் நாலு மணி. இலையை நானே பொறுக்கினேன். பாலைப் பதமாக் காய்ச்சினேன். சர்க்கரையைக் கத்தி முதுகால தலை தட்டி, ஒண்ணு, அப்புறம் ஒரு அரை. கலக்கினேன், ஒரு சத்தம் கிடையாது. சாசர்ல வச்சுக் கொண்டுபோய் நீட்டினேன்.

மெஹ்ரா துரை ஒரு மடக்குக் குடிச்சார். உடனே கப்பைக் கீழே வச்சுட்டார். "இன்னாசி, உன்கிட்ட யாரும் சொல்லலையா? எனக்கு ரத்தத்துல சர்க்கரை. டீல ஒரு துளிகூடப் போடக்கூடாது, டாக்டர் உத்தரவு."

பதினாலு வருஷம் டீச்சர். பதினாலு வருஷம் அந்த மனுஷனுக்கு வெறும் டீ போட்டுக் கொடுத்தேன். நான் எங்கே போய் நிரூபிக்கிறது, சொல்லுங்க?